டெக்ஸஸில் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறீர்களா? தங்கல் வரியில் உங்கள் பங்கு எது?

வீடுகளை நாள் வாடகைக்கு விட உதவும் இணையதளமான ஏர்பிஎன்பி மூலம் ஒருவர் உங்கள் வீட்டில் நான்கு இரவு தங்கப் பணம் கட்டினால், அவருக்குப் போகும் ரசீதின் அடியில் ‘வரிகள்’ என்று ஒரு தொகை இருக்கும். அதைப் பார்த்ததும் ‘வரியை அவர்களே கட்டிவிடுகிறார்கள், நமக்கு வேலை இல்லை’ என்று வீட்டுக்காரர் நிம்மதியாகிவிடுகிறார். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தத் தொகை மாநிலத்தின் பங்கு மட்டுமாக இருக்கலாம். நகரத்தின் பங்கையும் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) பங்கையும் யாரும் வசூலிக்காமல், யாரும் கட்டாமல் மாதக்கணக்கில் ஓடிவிடும். பிறகு நோட்டீஸ் வரும்போது விருந்தினர்கள் எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். வரி முழுவதும் வீட்டுக்காரரின் பையிலிருந்து போகும்.

டெக்ஸஸில் இந்த வரிக்கு ஹோட்டல் ஆக்குபன்சி டாக்ஸ் என்று பெயர். எச்.ஓ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இங்கே தங்கல் வரி என்போம். பெயரில் ஹோட்டல் இருப்பதால் ‘நம்முடையது வீடுதானே’ என்று நினைக்க வேண்டாம். ஒரு குடியிருப்பை முழுதாகவோ, அதில் ஒரு அறையை மட்டுமோ குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விட்டால் அதுவும் ஹோட்டல்தான் என்று மாநில வரிச் சட்டத்தில் 2015-இல் வெளிப்படையாக எழுதிச் சேர்த்துவிட்டார்கள். மாடியில் ஒரு அறை, கொல்லையில் கட்டிய சின்ன வீடு, ஏரிக்கரைப் பண்ணை வீடு எல்லாம் இதில் அடங்கும்.

கட்டுபவர் விருந்தினர். வாங்கிச் சேர்ப்பவர் நீங்கள். வரி என்று சொல்லி ஒருவரிடம் வாங்கிய பணத்தை நீங்கள் அரசுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பதாகவே டெக்ஸஸ் சட்டம் கருதுகிறது. கீழே வரும் விதிகளில் பாதி இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தவை.

ஒரே இரவுக்கு நான்கு கை

ஹூஸ்டனை எடுத்துக்கொள்வோம். நகர எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு மாநிலம் 6 சதவீதம், ஹூஸ்டன் நகரம் 7 சதவீதம், ஹாரிஸ் கவுன்டி 2 சதவீதம், விளையாட்டு அரங்குகளைக் கட்டி நடத்துவதற்கான ஹாரிஸ் கவுன்டி-ஹூஸ்டன் ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி 2 சதவீதம் என்று நான்கு பேர் வரி விதிக்கிறார்கள். மொத்தம் 17 சதவீதம்.

மாநிலத்தின் 6 சதவீதம் எங்கும் மாறாது. மீதிதான் ஊருக்கு ஊர் மாறும். சான் அன்டோனியோவில் 2025-இல் நகரம் 9, பெக்ஸார் கவுன்டி 1.75 என்று சேர்ந்து மொத்தம் 16.75 ஆக இருந்தது. ஆஸ்டினில் நகரத்தின் பங்கு மட்டும் 11, மொத்தம் 17. டாலஸில் 2022 நவம்பரில் வாக்காளர்கள் 2 சதவீத உயர்வுக்கு ஒப்புதல் தந்த பிறகு நகரத்தின் பங்கு 9 ஆனது, மொத்தம் 15. விகிதம் இப்படி வாக்கெடுப்பு ஒன்றில் மாறிவிடக்கூடியது. அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் ஊரின் விகிதத்தை நகரத்தின் தளத்தில் சரிபாருங்கள்.

இந்தியாவில் ஜி.எஸ்.டி. பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே சேவை தருபவர்களுக்கு ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு செய்யும் கடமை வரும். பதிவு செய்யாத வீட்டுக்காரர் ஆன்லைன் தளம் வழியாக அறை விட்டால் வரியைத் தளமே கட்ட வேண்டும் என்பதும் அங்கே சட்டம். டெக்ஸஸில் இரண்டுமே இல்லை. வருவாய் வரம்பு கிடையாது; ஆண்டில் ஒரே ஒரு வார இறுதிக்கு விட்டாலும் வரி உண்டு. கீழ்வரம்பு வாடகைக்குத்தான். ஒரு நாள் வாடகை 15 டாலருக்குக் குறைவாக இருந்தால் மாநில வரி இல்லை, 2 டாலருக்குக் குறைவாக இருந்தால் உள்ளூர் வரி இல்லை. அந்த விலைக்கு யாரும் வீடு விடப்போவதில்லை.

எந்தத் தொகைக்கு வரி?

‘அறையின் விலைக்கு’ வரி என்று சட்டம் சொல்கிறது. விருந்தினருக்குத் தரும் சாப்பாடும், அவருக்காகச் செய்யும் தனிப்பட்ட பணிகளும் அந்த விலையில் சேராது. ஆனால் அறையைச் சுத்தம் செய்து தங்கத் தயாராக்கும் வேலைக்கு வாங்கும் பணம் சேரும் என்று சட்டம் தனியாகக் குறிப்பிடுகிறது. அதாவது க்ளீனிங் கட்டணத்துக்கும் வரி உண்டு. அந்தப் பணம் முழுவதும் க்ளீனிங் செய்யும் பெண்ணிடம் போய்விடுகிறது, உங்களுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. முதல் ஆண்டில் பலரும் விடும் பிழை இதுதான்.

ஒரு முன்பதிவின் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஹூஸ்டன் நகருக்குள் ஒரு வீடு. இணையதளம் எதுவும் இல்லாமல், தெரிந்தவர் ஒருவர் நேரடியாகப் பேசி நான்கு இரவுக்கு எடுக்கிறார். இரவுக்கு 140 டாலர் வீதம் 560. க்ளீனிங் 90. ஆக அறையின் விலை 650 டாலர். இதில்,

மாநிலம் 6%: 39.00
நகரம் 7%: 45.50
கவுன்டி 2%: 13.00
ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி 2%: 13.00

வரி மொத்தம் 110.50. விருந்தினர் தர வேண்டியது 760.50. க்ளீனிங்கை விட்டுவிட்டு 560-க்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால் வரி 95.20 என்று வந்திருக்கும். ஒரு பதிவில் 15.30 டாலர் குறைவு. மாதம் ஐந்து பதிவு என்றால் ஆண்டுக்கு 918 டாலர். தணிக்கைக்கு வருபவர் இதைத்தான் முதலில் தேடுவார், ஏனென்றால் உங்கள் முன்பதிவுப் பட்டியலில் க்ளீனிங் தனிப் பத்தியாகவே இருக்கிறது.

ரசீதில் வரியை எப்போதும் தனியாகக் காட்டுங்கள். ‘எல்லாம் சேர்த்து 650 கொடுங்கள்’ என்று வாய்வார்த்தையாக முடித்துவிட்டால், அதற்குள் வரி அடங்கியிருந்தது என்று பின்னால் நிரூபிப்பது கடினம். வாங்கிய 650-ஐயே அறை விலையாக வைத்து அதன்மேல் 110.50 கேட்க இடம் கொடுத்தவராகிவிடுவீர்கள்.

வீடு சேதமானால் பிடித்துக்கொள்வதற்காக வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுக்கும் முன்பணம் தங்கியதற்கான விலை அல்ல. அதைக் கணக்கில் வாடகையோடு கலக்காமல் தனியாக எழுதி வையுங்கள்.

முப்பது நாள் கணக்கு

தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் உரிமை உள்ளவரிடம் இந்த வரி கிடையாது. சட்டம் அவரை நிரந்தரக் குடியிருப்பாளர் என்கிறது. (குடியேற்றச் சட்டத்தின் க்ரீன் கார்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) மாநிலம், நகரம், கவுன்டி எல்லோரும் பின்பற்றும் விளக்கம் இது. வேறு மாநிலத்து நண்பர் சொன்னதை இதில் நம்ப வேண்டாம். ஃப்ளோரிடாவில் இதே எல்லை ஆறு மாதம்.

இது எளிதாகத் தெரிந்தாலும் நடைமுறையில் மூன்று விதமாக வரும். முதலாவது, விருந்தினர் வந்து சேரும்போதே ‘30 நாளுக்குக் குறையாமல் தங்குவேன்’ என்று எழுத்தில் தந்துவிடுகிறார். முதல் நாளிலிருந்தே வரி இல்லை. இரண்டாவது, அவர் 20 நாளுக்கு என்று வந்து, வேலை நீண்டதால் இன்னும் 15 நாள் இருந்துவிடுகிறார். முதல் 30 நாளுக்கு வரி உண்டு, 31-ஆம் நாளிலிருந்து கிடையாது. ஏற்கெனவே வாங்கிய வரியைத் திருப்பித் தருவதும் இல்லை. மூன்றாவதுதான் தலைவலி. 35 நாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 22-ஆம் நாளே கிளம்பிவிடுகிறார். விலக்கு போய்விடுகிறது, 22 நாளுக்கும் வரி கட்டியாக வேண்டும். அவரோ பெட்டியோடு போய்விட்டார்.

இதற்கு ஒரே மருந்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. ‘30 நாளுக்கு முன் வெளியேறினால் அதுவரை தங்கிய நாட்களுக்கான தங்கல் வரியை விருந்தினர் தர வேண்டும், முன்பணத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வாக்கியத்தை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். இடையில் பணம் கட்டுவது தடைபட்டாலும் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பதால், மாதத் தவணை வந்த தேதிகளையும் குறித்து வையுங்கள்.

தளம் கட்டுவது எது, நீங்கள் கட்டுவது எது?

ஆரம்பத்தில் சொன்ன ‘வரிகள்’ தொகைக்கு வருவோம். ஏர்பிஎன்பி 2017 மே 1 முதல் டெக்ஸஸின் மாநிலப் பங்கான 6 சதவீதத்தைத் தானே வசூலித்து மாநிலக் கருவூலத்துக்குக் கட்டுகிறது. இதை மாநில வரி அலுவலகமான கம்ப்ட்ரோலர் அலுவலகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி செய்கிறது. எல்லாத் தளங்களும் எல்லா வரியையும் வசூலித்தே தீர வேண்டும் என்று தங்கல் வரிக்கு ஒரு பொது மாநிலச் சட்டம் இல்லை. ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு 2019-இல் வந்த சட்டம் விற்பனை வரியைப் பற்றியது, தங்கல் வரி அதில் சேராது. ஆகவே ஒவ்வொரு நகரமும் கவுன்டியும் தளங்களோடு தனியாகப் பேசி முடித்தால்தான், அல்லது தாமே சட்டம் போட்டால்தான், அவர்களின் பங்கு தளம் வழியாகப் போகும். முடிக்காத ஊரில் அது உங்கள் வேலை.

உங்கள் வீட்டின் நிலையை ஊகிக்க வேண்டாம், பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அண்மையில் முடிந்த ஒரு பதிவைத் திறந்து விருந்தினர் கட்டியதன் விவரத்தில் வரித் தொகையைப் பாருங்கள். அறை வாடகையையும் க்ளீனிங்கையும் கூட்டி, வரித் தொகையை அதனால் வகுத்துப் பாருங்கள். 650-க்கு 39 டாலர் என்றால் 6 சதவீதம். மாநிலம் மட்டும்தான் போகிறது. 110.50 என்றால் நான்கும் போகின்றன. நடுவில் வேறு எண் வந்தால் எந்தப் பங்கு சேர்ந்திருக்கிறது என்பதைத் தளத்தின் உதவிப் பக்கத்தில் டெக்ஸஸ் பட்டியலில் பாருங்கள். இந்தச் சோதனையை நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரு தளம் கட்டும் பங்கை இன்னொன்று கட்டாமல் இருக்கலாம்.

தளம் வசூலிக்காத பங்கை விருந்தினரிடம் வாங்குவதற்கு ஏர்பிஎன்பி கணக்கில், தொழில்முறை வசதிகளை இயக்கினால், வரிகள் என்று ஒரு பகுதி வரும். அங்கே வரியின் பெயர், சதவீதம், உங்கள் வரிப் பதிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் அடுத்த பதிவிலிருந்து சேர்த்து வசூலிக்கும். இங்கே இரண்டு இடத்தில் சறுக்கலாம். தளம் ஏற்கெனவே வாங்கும் 6 சதவீதத்தையும் சேர்த்து 17 என்று போட்டுவிட்டால் விருந்தினர் ஒரே வரியை இருமுறை கட்டுவார். 11 என்றுதான் போட வேண்டும். அடுத்தது, இப்படி நீங்கள் சேர்த்த வரியைத் தளம் யாருக்கும் கட்டாது. அது வாடகையோடு சேர்ந்து உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். ‘இந்த மாதம் வருமானம் நன்றாக இருக்கிறதே’ என்று தோன்றும். அந்தக் கூடுதல் உங்களுடையது அல்ல.

இதற்காகவே ஒரு தனி சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். ஒவ்வொரு முறை பணம் வந்ததும் அதிலுள்ள வரிப் பங்கை அன்றே அங்கே மாற்றிவிடுங்கள். வரி கட்டும் நாளில் பணம் இல்லாமல் தவிப்பதற்கு முக்கியக் காரணம், அதை ஏற்கெனவே ஏசி பழுதுக்குச் செலவழித்திருப்பதுதான்.

தளம் இல்லாமல் நேரடியாக வருபவர்கள், அதாவது நண்பரின் நண்பர், கோடைதோறும் திரும்ப வரும் குடும்பம், கல்யாணத்துக்கு வீட்டை எடுக்கும் சொந்தக்காரர் போன்றவர்கள், பணம் கொடுத்துத் தங்கினால் மாநிலப் பங்கு உட்பட முழுவதும் உங்கள் பொறுப்பு. பணம் வாங்காமல் தங்கவைத்தால் வரி இல்லை.

உங்கள் முகவரி எந்த ஊர்?

அஞ்சல் முகவரியில் ‘ஹூஸ்டன்’ என்று இருப்பதால் வீடு ஹூஸ்டன் நகர எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள் இல்லை. தபால் நிலையத்தின் பெயர் வேறு, நகராட்சி எல்லை வேறு. நகரத்துக்கு வெளியே, எந்த நகராட்சியிலும் சேராத கவுன்டிப் பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஹூஸ்டன் முகவரியோடு இருக்கின்றன. அங்கே நகரத்தின் 7 சதவீதத்தை வாங்கக்கூடாது.

சரிபார்க்க நல்ல வழி, சொத்து வரிக்காக வீட்டை மதிப்பிடும் மாவட்ட அலுவலகத்தின் தளம். ஹாரிஸ் கவுன்டியில் அது ஹாரிஸ் சென்ட்ரல் அப்ரைஸல் டிஸ்ட்ரிக்ட். முகவரியைத் தேடித் திறந்தால் அந்தச் சொத்துக்கு வரி விதிக்கும் அமைப்புகளின் பட்டியல் இருக்கும். அதில் நகரத்தின் பெயர் இருந்தால் நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள். பள்ளி மாவட்டமும் கவுன்டியும் மட்டும் இருந்தால் வெளியே. கவுன்டிகளிலும் சட்டம் அனுமதி தந்தவை மட்டுமே இந்த வரியை விதிக்க முடியும் என்பதால், உங்கள் கவுன்டிக்கு அந்த வரி உண்டா என்பதை அதன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சிறு ஊர்களில் ஒரு நுணுக்கம் உண்டு. மக்கள்தொகை 35,000-க்குக் குறைவான நகரம், தன் எல்லையை ஒட்டி வெளியே இருக்கும் அதிகார வட்டத்திலும் இந்த வரியை விதிக்கலாம். அங்கே மாநிலம், கவுன்டி, நகரம் மூன்றும் சேர்ந்து 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மலைப்பகுதியில் பண்ணை வீடு வாங்கியவர்கள் ‘நாங்கள் ஊருக்கு வெளியேதானே’ என்று விட்டுவிடுவது இதில்தான்.

பதிவும் அறிக்கையும்

மாநிலத்துக்குக் கணக்கு தொடங்குவது கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில். ஆன்லைனில் செய்யலாம், தாளில் என்றால் ஏபி-102 என்ற படிவம். முடிந்ததும் 11 இலக்க வரிதாரர் எண்ணும், இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட வெப்ஃபைல் எண்ணும் கிடைக்கும். வெப்ஃபைல் எண் இல்லாமல் ஆன்லைனில் அறிக்கை போட முடியாது, அதைப் பத்திரமாக வையுங்கள். நகரத்துக்கும் கவுன்டிக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மாநிலத்தில் பதிந்தால் அவர்களுக்கும் போய்ச்சேரும் என்று இருந்துவிடாதீர்கள்.

மாநில அறிக்கைப் படிவம் 12-100. ஒவ்வொரு மாதத்துக்கும் உரியதை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். வரி மாதத்துக்கு 500 டாலருக்கோ காலாண்டுக்கு 1,500 டாலருக்கோ குறைவாக இருப்பவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை போடலாம்: ஏப்ரல் 20, ஜூலை 20, அக்டோபர் 20, ஜனவரி 20. ஒரு வீடு வைத்திருப்பவர் பெரும்பாலும் இதில்தான் வருவார். 20-ஆம் தேதி சனி, ஞாயிறாக இருந்தால் அடுத்த வேலை நாள். நகரத்தின் தேதி இதோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது, அதைத் தனியாக நாட்காட்டியில் குறியுங்கள்.

காலாண்டில் நேரடியாக மூன்று பதிவுகள் என்று வைப்போம்: 650, 1,180, 900. மொத்தம் 2,730 டாலர். மாநில வரி 163.80. சரியான நேரத்தில் அறிக்கையும் பணமும் சேர்ந்தால் 1 சதவீதத்தை நீங்களே கழித்து வைத்துக்கொள்ளலாம், அதாவது 1.64. கட்டுவது 162.16. பத்து நாள் தாமதமானால் கழிவு போய்விடும். வரியில் 5 சதவீதம் அபராதம், 8.19. தாமதமான ஒவ்வொரு அறிக்கைக்கும் தனியாக 50 டாலர். கூட்டினால் 221.99. முப்பது நாளைத் தாண்டினால் 5 சதவீதம் 10 ஆகும், கெடு முடிந்து 61-ஆம் நாளிலிருந்து வட்டியும் ஓடும்.

அந்த 50 டாலரைக் கவனியுங்கள். அது வரித் தொகையைப் பொறுத்தது அல்ல, அறிக்கை தாமதமானதற்கு. வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தாலும் கணக்கு திறந்திருக்கும்வரை பூஜ்யம் என்று எழுதி அறிக்கை போட்டாக வேண்டும். ‘வருமானமே இல்லை, எதற்கு அறிக்கை’ என்று விட்டவர்களுக்குத்தான் இந்த 50 டாலர் நோட்டீஸ் வந்து சேர்கிறது. வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டால் கணக்கையும் மூடச் சொல்லி எழுதிவிடுங்கள்.

தளம் மாநில வரியைக் கட்டிவிட்ட பதிவுகளை 12-100-இன் வரிக்குரிய தொகையில் சேர்த்தால் ஒரே வரி இருமுறை போகும். அந்தப் பதிவுகள் எவை என்பதைத் தனியாகக் காட்டும் பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும்.

நகரத்தின் பக்கம் இன்னும் கடுமை. ஒரு முழு நிதிக் காலாண்டு வரி நிலுவையில் இருந்தால் நகரம் 15 சதவீத அபராதம் கேட்டு வழக்குப் போடலாம், தணிக்கைச் செலவையும் வக்கீல் கட்டணத்தையும் உங்கள் தலையில் கட்டலாம். வரி கட்டும்வரை அந்த வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கவும் சட்டம் இடம் தருகிறது.

வீட்டுக்காரர் கலிஃபோர்னியாவிலோ சென்னையிலோ இருந்து, ஹூஸ்டனில் ஒரு மேலாளர் பணம் வாங்கி நடத்தினால் யார் பொறுப்பு? வீட்டை வைத்திருப்பவர், நடத்துபவர், தங்குவதற்கான பணத்தை வாங்குபவர் என்று எல்லோரையுமே வசூலிக்கக் கடமைப்பட்டவர்களாகச் சட்டம் சொல்கிறது. ‘மேலாளர் பார்த்துக்கொள்வார்’ என்பது போதாது. யார் அறிக்கை போடுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி, ஒவ்வொரு காலாண்டும் கட்டியதற்கான உறுதிச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

விலக்கு கேட்டு வருபவர்கள்

‘எனக்கு வரி விலக்கு உண்டு’ என்று விருந்தினர் சொன்னால் 12-302 என்ற விலக்குச் சான்றுப் படிவத்தை நிரப்பி வாங்குங்கள், அடையாள அட்டையையும் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசு ஊழியர் அலுவல் பயணத்தில் வந்தால் மாநில வரியும் உள்ளூர் வரியும் இல்லை. பதிவுபெற்ற சமய அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மாநில வரியில் மட்டும் விலக்கு; நகரத்துக்கும் கவுன்டிக்கும் உரியதை அவர்கள் கட்டத்தான் வேண்டும். கோவில் விழாவுக்கு வரும் குழுவுக்கு வீடு விடுபவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். அமைப்புக்குத்தான் விலக்கு, அதன் உறுப்பினர் தன் சொந்தக் காசில் தங்கினால் கிடையாது. டெக்ஸஸ் மாநில ஊழியர்களில் பெரும்பாலோர் வரியைக் கட்டிவிட வேண்டும், பிறகு அவர்களின் துறை திரும்பப் பெற்றுக்கொள்ளும். சான்று கையில் இல்லாமல் நீங்கள் தந்த விலக்குக்கு நீங்களே வரி கட்டுவீர்கள்.

கணக்கு எழுதுவது

பெரிய மென்பொருள் தேவையில்லை, ஒரு எக்ஸெல் தாள் போதும். முன்பதிவு எண், எந்தத் தளம் அல்லது நேரடியா, வந்த தேதி, போன தேதி, இரவுகள், வாடகை, க்ளீனிங், பிற கட்டணம், விலக்கு உண்டா என்று பத்திகள் போடுங்கள். பிறகு மாநிலம், நகரம், கவுன்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு பத்தி: தொகை, கட்டியது யார். இந்தக் கடைசிப் பத்திதான் தாளின் உயிர். ‘தளம்’ அல்லது ‘நான்’ என்று ஒரே சொல் எழுதினால் போதும். காலாண்டு முடிவில் ‘நான்’ என்று இருப்பவற்றை மட்டும் வடிகட்டிக் கூட்டினால் அறிக்கை தயார்.

தாளையும் சான்றுகளையும் குறைந்தது நான்கு ஆண்டு வையுங்கள். மாநிலம் பின்னோக்கிப் போய் வரி கேட்கும் காலம் பொதுவாக நான்கு ஆண்டு. அறிக்கையே போடாத காலத்துக்கு மட்டும் அந்த வரம்பு கிடையாது, எத்தனை ஆண்டு பின்னாலும் போகலாம். பூஜ்ய அறிக்கையையும் தவறாமல் போடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

வருமான வரிக்காகத் தளம் அனுப்பும் 1099-கே படிவத்தில் மொத்தப் பணமும் காட்டப்படும். உங்கள் கைக்கு வந்து நீங்கள் கட்டிய தங்கல் வரியும் அதில் சேர்ந்திருக்கலாம். கணக்காளரிடம் இந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் அதைப் பிரித்துவிடுவார்.

இதுவரை கட்டவே இல்லையென்றால்

இந்த வரி இருப்பதே தெரியாமல் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டிவிட்டவர்கள் பயந்து ஒதுங்க வேண்டாம். கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் தானாக முன்வந்து சொல்பவர்களுக்கான ஒப்பந்தத் திட்டம் இருக்கிறது. அலுவலகம் உங்களைத் தொடர்புகொள்வதற்கு முன்பே நீங்கள் போக வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. தகுதி இருந்தால் நான்கு ஆண்டோடு நிறுத்திக்கொண்டு அபராதத்தை விட்டுவிடுவார்கள். விருந்தினரிடம் வரி என்று வாங்கிவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சலுகை அப்படியே கிடைக்காது, வாங்கியது அத்தனையும் கட்ட வேண்டும். அந்தப் பணம் முதலிலிருந்தே உங்களுடையது இல்லை என்பதே காரணம். நகரத்தோடும் கவுன்டியோடும் தனியாகப் பேச வேண்டும். தொகை பெரிதாக இருந்தால் பேசப்போவதற்கு முன் மாநில வரி தெரிந்த கணக்காளரைப் பாருங்கள்.

வரியும் அனுமதியும் ஒன்றல்ல

வரி ஒழுங்காகக் கட்டுவதால் வீட்டை நாள் வாடகைக்கு விட அனுமதி கிடைத்ததாக ஆகாது. டாலஸ் மாநகராட்சி 2023 ஜூனில் தனிவீட்டுக் குடியிருப்புப் பகுதிகளில் இத்தகைய வாடகையையே தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. அங்கே வரி கட்டிக்கொண்டிருந்தவர்களும் இந்த அலைச்சலில் சிக்கினார்கள். ஹூஸ்டன் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய விதிப்படி 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவுச் சான்று வேண்டும், ஆண்டுக் கட்டணம் 275 டாலர். குடியிருப்போர் சங்கத்தின் விதிகளும் தனி. வீடு வாங்குவதற்கு முன்பே அவற்றைப் படித்துவிடுங்கள்.

‘ஏற்கெனவே ஏர்பிஎன்பியாக நன்றாக ஓடும் வீடு’ என்று விளம்பரம் பார்த்து வாங்கப்போகிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். முந்தைய உரிமையாளர் கட்டாமல் விட்ட மாநிலத் தங்கல் வரி வாங்குபவர் மேல் வரலாம். வரி பாக்கி இல்லை என்ற சான்றையோ கட்டிய ரசீதையோ கம்ப்ட்ரோலரிடமிருந்து விற்பவர் வாங்கித் தரும்வரை, பாக்கிக்குப் போதுமான தொகையை விலையிலிருந்து நிறுத்திவைக்க வேண்டும் என்பது சட்டம். நிறுத்திவைக்காமல் முழுவதையும் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு வாங்கியவரே பொறுப்பு. சான்று கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே கையெழுத்திடும் நாளில் கேட்காமல், விலை பேசும்போதே விற்பவரிடம் அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.